ஐந்து சிட்டிங்குக்கு ஒரு விண்ணப்பம்

அக்காவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பொது நிதித் திட்டத்தில் பணம் கேட்டிருந்தோம். வந்த மறுப்புக் கடிதத்தில் மொத்தம் நான்கு வரிகள். மூன்று வரிகளில் அக்காவின் பதிவு எண்ணும் தேதியும் மருத்துவமனையின் பெயரும் இருந்தன. விஷயம் நான்காவது வரியில் இருந்தது: கோரப்பட்ட சிகிச்சை இந்த நோய்நிலைக்கு நிதி வழங்கும் பட்டியலில் இல்லை. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள். "இந்த நோய்நிலைன்னா என்னடா? கேன்சர்னா கேன்சர்தானே?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் நான் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் இன்றும் விழித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அக்காவின் கதை. அவளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை நடந்தது, ஆறு மாதம் கீமோ ஓடியது, அதற்குப் பிறகு 26 மாதம் எல்லா ஸ்கேனும் சுத்தமாக வந்தது. நாங்கள் மறக்கத் தொடங்கியிருந்தோம். வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு கட்டி தெரிந்தது, 1.8 சென்டிமீட்டர். பெட் ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். குடலில் இருந்த அதே நோய்தான் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

வெட்டி எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் மூச்சுத் திறன் பரிசோதனையின் முடிவைப் பார்த்த அறுவை மருத்துவர், இந்த நுரையீரலை மயக்க மருந்து கொடுத்துத் திறக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அப்புறம்தான் கதிர்வீச்சு மருத்துவர் வந்தார். ஸ்டீரியோடாக்டிக் முறையில், அதாவது கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்துச் சில நாளில் பெரிய அளவு கதிரைப் பாய்ச்சும் முறையில், 5 சிட்டிங் (ஒரு முறை படுத்துக் கதிர் வாங்குவது ஒரு சிட்டிங்) கொடுக்கலாம் என்றார்.

நம் மக்கள் கதிர்வீச்சைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். எங்கள் மனத்திலும் அந்தப் படம்தான் இருந்தது. ஐந்து நாள் கரண்ட் வைத்தால் ஒரு கட்டி போய்விடுமா? மற்றவர்களுக்கெல்லாம் 25, 30 நாள் என்கிறார்களே, இவளுக்கு மட்டும் ஏன் குறைவாக வைக்கிறார்கள், கைவிட்டுவிட்டார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

உண்மை நேர்மாறானது. கதிர்வீச்சின் அளவுக்குக் கிரே என்று பெயர். வழக்கமான முறையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிரே கொடுப்பார்கள். 25 நாளில் 50 கிரே. ஸ்டீரியோடாக்டிக் முறையில் அக்காவுக்குத் திட்டமிட்டதும் அதே 50 கிரேதான், ஆனால் நாளுக்கு 10 வீதம் ஐந்தே நாளில். கூட்டுத்தொகை ஒன்றுதானே என்று பார்த்தால், கட்டியின் செல்களுக்கு அது ஒன்றல்ல. சிறு அடியாக வாங்கும்போது செல் இடையில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பேரடி விழுந்தால் சரிசெய்ய முடியாமல் சாகும். உயிரியல் வீரியத்தை மருத்துவர்கள் வழக்கமாகக் கணக்கிடும் சூத்திரத்தின்படி, 25 நாளில் கொடுத்த 50 கிரே 60 என்ற எண்ணைத் தரும். 5 நாளில் கொடுத்த 50 கிரே 100 தரும். டாக்டர் இதை ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் அக்காவின் ஃபைலில் இருக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் பேரடியே கொடுக்கலாமே? முடியாது. பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் அதே அடியை வாங்கிவிடும். இந்தச் சிகிச்சையின் முழு உழைப்பும் அதைத் தவிர்ப்பதில்தான் இருக்கிறது. பல திசைகளிலிருந்து கற்றைகள் வரும். தனித்தனியே ஒவ்வொன்றும் வலுக்குறைந்தது, வழியில் இருக்கும் தோலையும் விலாவையும் பெரிதாகத் துன்புறுத்தாது. எல்லாம் கூடும் புள்ளியில்தான் அதன் பலம். அந்தப் புள்ளி சரியாகக் கட்டிக்குள் விழ வேண்டும். நுரையீரலோ மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டே இருக்கும் உறுப்பு. அதனால் மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே இருக்கிறது என்று தனியாக ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் கதிரைப் பாய்ச்சுமுன் இன்னொரு முறை படம் பிடித்து இடத்தைச் சரிபார்க்கிறார்கள். மூச்சுக்குழாயின் பெரிய கிளைகளுக்கு 2 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால் இந்த அளவு டோஸை அப்படியே கொடுப்பது ஆபத்து என்பது 2006 முதல் தெரிந்த விஷயம். அக்காவின் கட்டி அதிலிருந்து எட்டவே இருந்தது. அது எங்கள் நல்ல காலம்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பொது நிதி என்பது ஒரு பட்டியல். அதில் ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கும்: எந்த உறுப்பின் நோய், எந்தக் கட்டம், எந்தச் சிகிச்சை. நுரையீரலிலேயே தோன்றிய, ஆரம்பக் கட்டத்தில் உள்ள, அறுவை செய்ய முடியாத கட்டிக்கு ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை என்று எங்கள் திட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரி அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் அறுவைக்குத் தகுதியில்லாத 55 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து 97.6 சதவீதம் பேரில் சிகிச்சை கொடுத்த கட்டி மீண்டும் தலைதூக்கவில்லை என்று அது காட்டியது. அப்படி ஓர் எண் கிடைத்த பிறகு பட்டியலில் வரி ஏறுவது எளிது.

அக்காவின் கட்டி இருந்ததும் நுரையீரலில்தான். அளவும் அதே, அறையும் அதே, கருவியும் அதே. ஆனால் அது குடலிலிருந்து வந்து குடியேறியது. நோய் வேறு உறுப்புக்குப் பரவிவிட்டதால் காகிதத்தில் அவள் நான்காம் கட்ட நோயாளி. நான்காம் கட்டத்துக்கு எதிரே அந்தச் சிகிச்சையின் பெயர் இல்லை. 'இந்த நோய்நிலை' என்பதன் பொருள் இவ்வளவுதான். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ நான் தப்பான இடத்திலிருந்து வந்த கட்டியை வச்சிருக்கேன்" என்றாள்.

எங்கள் முதல் விண்ணப்பம் ஏன் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். அதை அனுப்பியது வேறொரு மருத்துவமனை. அதில் இருந்தது இரண்டே வாக்கியங்கள். நோயாளிக்கு நுரையீரலில் பரவல் உள்ளது, அதிநவீனமான இன்ன கருவியில் சிகிச்சை தேவை. கருவியின் வணிகப் பெயர் பெரிய எழுத்தில். அதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? இந்தக் கருவி வைத்திருக்கும் இடத்துக்குப் பணம் கேட்கிறார்கள் என்று நினைப்பார். அவர் மேல் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கருவிகளின் பெயர் நம்மை மயக்குகிறது. அந்த மயக்கத்தில் நானும் இருந்தேன். ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், கத்தியில்லாமல் கதிரால் அறுக்கும் கருத்தை 1951-லேயே எழுதினார். 1960-களின் இறுதியில் அந்தக் கருத்தில் உருவான காமா நைஃப் கருவி ஸ்டாக்ஹோமில் வந்தது. அது தலைக்கு மட்டும். மண்டையோடு அசையாது, அதில் ஒரு சட்டத்தைத் திருகி முடுக்கிவிடலாம். லெக்செலிடம் பழகிய ஜான் ஆட்லர், ஸ்டான்ஃபோர்டில் சட்டமே இல்லாமல், படம் பார்த்துப் பார்த்துக் குறிவைக்கும் இயந்திரக் கையை உருவாக்கினார். அதுதான் சைபர்நைஃப். 1994-இல் முதல் நோயாளி. இதற்கிடையில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள கட்டிகளுக்கு வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பயன்படும் சாதாரண லினாக் கருவியைக் கொண்டே இந்த வேலையை 1990-களின் தொடக்கத்தில் செய்துகாட்டிவிட்டார்கள். இன்றும் படம்பிடிக்கும் வசதியும், பழகிய இயற்பியலாளரும் இருந்தால் நல்ல லினாக்கே போதும். பொது நிதியில் இயங்கும் பல மருத்துவமனைகளில் அது இருக்கிறது. விளம்பரத்தில் பார்த்த கருவி இல்லையே என்று மனம் உடைய வேண்டியதில்லை. கேட்க வேண்டியது சிகிச்சையை. எந்தக் கருவி என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது விண்ணப்பத்தை எழுதியது எங்கள் இப்போதைய டாக்டர். அவர் முதலில் என்னைத்தான் வேலை வாங்கினார். நோய் தெரிந்த நாள் முதல் தேதி வாரியாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அதில் கடைசிப் பக்கம் முழுவதும் அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகளைப் பற்றி. சின்னவள் பள்ளி முடிக்கவில்லை, வீட்டில் வருமானம் அக்காவுடையது மட்டும், அவள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உருகி எழுதியிருந்தேன். டாக்டர் பொறுமையாகப் படித்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னார்: "பிள்ளை இல்லாத ஒருத்தருக்கும் இதே கட்டி இருக்கலாம். பிள்ளை இருக்குன்னு உங்க அக்காவுக்குக் கொடுத்தா, அவங்களை என்ன சொல்லி அனுப்புறது?"

இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்குத் தனிநபர் கோரிக்கை வைக்கலாம். ஆனால் மருத்துவ ரீதியாக விதிவிலக்கானவர் என்று நிரூபிக்க வேண்டும். வேலை, குடும்பம், பிள்ளைகள் கணக்கில் வராது. இன்னொரு முடிச்சும் அங்கே உண்டு. உங்களைப் போன்ற நிலையில் பலர் இருக்கிறார்கள் என்றால் நீங்கள் விதிவிலக்கு இல்லை, அது கொள்கையை மாற்ற வேண்டிய விஷயம், தனிநபர் கோரிக்கையில் தீராது என்று திருப்பிவிடுவார்கள். முதல் விதியின் நியாயம் எனக்கு மெல்லப் புரிந்தது. இரண்டாவது விதி இப்போதும் நெஞ்சில் உறுத்துகிறது. கொள்கை மாறும்வரை கட்டி காத்திருக்காதே.

ஆக, டாக்டர் எழுதிய கடிதத்தில் கண்ணீர் இல்லை. முதல் நோய்க்கும் இந்தக் கட்டிக்கும் இடையில் 26 மாதம். கட்டி ஒன்றே ஒன்று. பெட் ஸ்கேனில் வேறு இடமில்லை. அறுவை ஏன் முடியாது என்பதற்கு மூச்சுத் திறன் அறிக்கையும் அறுவை மருத்துவரின் கையெழுத்தும். அக்கா தன் வேலைகளைத் தானே செய்கிறாள் என்பதற்கான குறியீடு. எல்லாத் துறை மருத்துவர்களும் உட்கார்ந்து பேசிய டியூமர் போர்டின் முடிவு. இது தனி ஒருவரின் விருப்பமல்ல என்று காட்ட அந்த ஒரு தாள்தான் சாட்சி. முதல் விண்ணப்பத்தில் அது இணைக்கப்படவே இல்லை.

பிறகு ஆதாரம். ஒன்று முதல் ஐந்து இடங்களில் மட்டும் நோய் பரவிய 99 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 28 மாதம். கூடவே ஸ்டீரியோடாக்டிக் கதிரும் பெற்றவர்களுக்கு 41 மாதம். அந்த 99 பேரில் அக்காவைப் போன்ற குடல் புற்றுநோய்க்காரர்களும் இருந்தார்கள். இதைப் படித்ததும் நான் துள்ளினேன். ஆனால் டாக்டர் அடுத்த வரியில், அதே ஆய்வில் கதிர் பெற்ற 66 பேரில் 3 பேர் சிகிச்சையின் விளைவாகவே இறந்திருக்கலாம் என்றும் எழுதினார். அதற்கும் அடுத்த வரியில், பரவிய மார்பகப் புற்றுநோயில் இதே கேள்வியைக் கேட்ட ஆய்வு 2022-இல் பலன் எதுவும் காட்டவில்லை என்றும் எழுதினார்.

"இதையெல்லாம் ஏன் டாக்டர் நாமே எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டேன்.

"நாம எழுதலைன்னா அவங்க எடுத்து வைப்பாங்க. நாமே எழுதி, உங்க அக்கா கேஸ் எங்கே வேறுபடுதுன்னும் சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுது."

அந்தப் பதில் என்னை மாற்றியது. அதுவரை, விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்லும் குழுவில் இருப்பவர்களை நான் கல்மனம் படைத்தவர்களாகவே நினைத்திருந்தேன். ஒரு புற்றுநோயில் ஆயுளைக் கூட்டிய சிகிச்சை இன்னொன்றில் ஒன்றும் செய்யாமல் போகலாம் என்றால், எந்த நோய், எந்த நிலை என்று துருவிக் கேட்பதுதான் அவர்கள் வேலை. பொதுப்பணம் என்பது அடுத்த நோயாளியின் பணமும்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. பணக் கணக்கையே அவர்கள் சரியாகப் போடவில்லை என்பது என் எண்ணம். கதிர் இல்லையென்றால் அக்காவுக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? கீமோ. எத்தனை மாதம் என்று சொல்ல முடியாத கீமோ. அதற்குப் பட்டியலில் வரி இருக்கிறது, கேள்வியே இல்லாமல் பணம் வரும். அந்தச் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், ஐந்து சிட்டிங்கின் செலவை மட்டும் தனியே எடுத்து 'விலை உயர்ந்தது' என்று எப்படிச் சொல்வது? டாக்டர் இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கம்பக்கமாக வைத்தார். கடிதத்தில் அதிகம் பேசியது அந்த அட்டவணைதான் என்று நான் நம்புகிறேன்.

இதில் இன்னொரு கோணலும் இருக்கிறது. சில நிதித் திட்டங்களில் கதிர்வீச்சுக்குச் சிட்டிங் கணக்கில் பணம் கொடுப்பார்கள். அதிகம் சிட்டிங், அதிகப் பணம். பிராஸ்டேட் புற்றுநோயில் 5 சிட்டிங்கையும், 20 அல்லது 39 சிட்டிங் கொண்ட வழக்கமான முறையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஐந்து சிட்டிங்கில் 95.8 சதவீதம், மற்றதில் 94.6 சதவீதம். நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைந்த நாளில் கொடுப்பது பின்தங்கவில்லை. ஆனால் சிட்டிங்குக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் மருத்துவமனை, 39 நாள் வேலையை 5 நாளில் முடித்தால் நஷ்டப்படும். தினம் தினம் பயணம் செய்து, வரிசையில் உட்கார்ந்து, சம்பளத்தை இழக்கும் நோயாளிக்கு மிச்சமாகும் 34 நாளை யாருடைய கணக்கில் எழுதுவது? முழுச் சிகிச்சைக்கும் சேர்த்து ஒரு தொகை என்று வைத்தால் இந்தக் கோணல் நிமிர்ந்துவிடும். பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

பட்டியலில் வரி எப்படி ஏற வேண்டும் என்பதற்கும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 2015-இல் செய்தார்கள். ஒன்று முதல் மூன்று இடங்களில் மட்டும் பரவல், முதல் நோய்க்குப் பின் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி என்று தகுதியை வரையறுத்தார்கள். 17 மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே: ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆயிற்று என்று பதிவு செய்து தர வேண்டும். 2019 ஜனவரிக்குள் 1,422 பேர் சிகிச்சை பெற்றார்கள். ஓராண்டு கழித்து 92.3 சதவீதம் பேரும், ஈராண்டு கழித்து 79.2 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். 2020-இல் அது வழக்கமான நிதிப் பட்டியலில் சேர்ந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத பதிவு அது, அதனால் அதை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆதாரம் வரட்டும் என்று நோயாளியைக் காக்க வைப்பதைவிட, சிகிச்சையைக் கொடுத்துக்கொண்டே ஆதாரத்தைச் சேர்ப்பது எவ்வளவு மேல்! அந்த 1,422 பேரில் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்கு வழி திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

எங்களுக்கு அனுமதி வந்தது. முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பதினோராவது வாரம். கடன் வாங்கி முதலில் சிகிச்சையை முடித்துவிடலாம், பணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நடுவில் ஒருநாள் நான் கிளம்பியே விட்டேன். முன்அனுமதி இல்லாமல் செய்த சிகிச்சைக்கு எங்கள் திட்டத்தில் பணம் திரும்பி வராது என்று டாக்டரின் உதவியாளர் சொல்லித் தடுத்தார். இந்த விதியை எந்தக் கடிதத்திலும் யாரும் எங்களுக்கு எழுதவில்லை.

பதினோரு வாரத்தில் கட்டி 1.8-லிருந்து 2.3 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. கதிரைக் குறிவைக்க முன்பு எடுத்த ஸ்கேன் இனி உதவாது என்று மறுபடி எடுத்தார்கள். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. பரவியிருந்தால் அனுமதிக் கடிதமே செல்லாமல் போயிருக்கும். குழு கேள்வி கேட்கட்டும், எத்தனை வேண்டுமானாலும் கேட்கட்டும். ஆனால் பதில் சொல்ல ஒரு கெடு வேண்டும். அந்தக் கெடுவை வளர்கிற கட்டியை மனத்தில் வைத்து நிர்ணயிக்க வேண்டும். இதைக் கேட்டு நான் எழுதிய மனு இப்போது அவர்களிடம் இருக்கிறது.

சிகிச்சை நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடலின் வார்ப்பில் செய்த மெத்தையில் அக்கா கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துப் படுத்திருப்பாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து முறை. தோளில் வலி, சில வாரம் களைப்பு, கொஞ்சம் வறட்டு இருமல். முதல் நாள் வெளியே வந்ததும், "ஒண்ணுமே தெரியலடா, நிஜமா வச்சாங்களா?" என்று கேட்டாள்.

மூன்று மாத ஸ்கேனில் கட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. கதிர் பட்ட நுரையீரல் தழும்பாகும்போது அப்படித்தான் தெரியுமாம். அது தழும்பா, நோயா என்று ஒரே படத்தில் சொல்லிவிட முடியாது, தொடர்ந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேனுக்கும் முன்அனுமதி வாங்க வேண்டும். படிவத்தை இந்த முறை அக்காவே நிரப்பிவிட்டாள். 'நோய்நிலை' என்ற கட்டத்தில், டாக்டர் சொல்லிக் கொடுத்த சொற்களை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.